ஓடுகிற கேமராவில் கை வைக்கலாமா? சினிமா கேமராக்களும் ஃபர்ம்வேர் அப்டேட்டுகளும்

2010 மார்ச்சில் கேனான் நிறுவனம் 5டி மார்க் 2 கேமராவுக்கு 2.0.3 என்ற ஃபர்ம்வேரை, அதாவது கேமராவை உள்ளிருந்து இயக்கும் மென்பொருளை, வெளியிட்டது. 2008-இல் அறிமுகமானபோது அந்தக் கேமரா நொடிக்கு 30 பிரேம் கணக்கில் மட்டுமே வீடியோ எடுத்தது. சினிமாவுக்கு 24 வேண்டும், பல நாட்டுத் தொலைக்காட்சிகளுக்கு 25 வேண்டும். கேட்டுக் கேட்டு ஓய்ந்த பிறகு, இரண்டும் காசு செலவில்லாமல் ஒரே டவுன்லோடில் கிடைத்தன. ஆனால் சில நாட்களிலேயே அந்த 2.0.3 திரும்பப் பெறப்பட்டது. சில அமைப்புகளில் ஒலிப்பதிவு கோளாறாவது தெரியவந்திருந்தது. திருத்திய 2.0.4 அதே மாதம் வந்து சேர்ந்தது.

அந்தச் சில நாட்களுக்குள் படப்பிடிப்பு வைத்திருந்து, முந்தைய இரவு ஆசையோடு அப்டேட் போட்டவர் கையில் 24 பிரேம் இருந்தது. ஒலி இருந்ததா என்பது அவர் எந்த அமைப்பில் எடுத்தார் என்பதைப் பொறுத்தது.

புதுப் பதிப்பு வந்தவுடன் போட்டுவிட வேண்டும் என்று ஒரு தரப்பு சொல்லும். ஓடுகிற கேமராவில் கை வைக்காதே என்று இன்னொரு தரப்பு சொல்லும். இரண்டுமே பாதி சரி. எந்தப் பாதி எப்போது சரி என்று தெரிய, ஃபர்ம்வேர் கேமராவுக்குள் என்ன வேலை பார்க்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

## சுருளில் இருந்தது பெட்டிக்குள் வந்தது

ஃபிலிம் கேமரா ஓர் இயந்திரம். சுருளை ஒவ்வொரு பிரேமாக இழுத்து, ஒளி விழும் சட்டமான கேட்டில் அசையாமல் நிறுத்தி, ஷட்டரைத் திறந்து மூடுவது மட்டுமே அதன் வேலை. படத்தின் நிறம், நுணுக்கம், வெளிச்சத்தை வாங்கும் திறன் எல்லாம் சுருளில் இருந்தன. மேம்பட்ட ஃபிலிம் சந்தைக்கு வந்தால், முப்பது வருடப் பழைய கேமராவிலேயே அதைப் போட்டு ஓட்டலாம். புதுமை கேமராவுக்கு வெளியே நடந்தது, நம்பகம் கேமராவுக்கு உள்ளே இருந்தது. ஒன்று மற்றொன்றைத் தொடவில்லை.

டிஜிட்டல் கேமராவில் இந்தப் பிரிவினை போய்விட்டது. சென்சார்தான் இப்போது சுருள், ஆனால் சுருளைப் போல அதை நினைத்தபோது கழற்றி மாற்ற முடியாது. சென்சார் தருவது வெறும் மின்சமிக்ஞை. அதைப் படமாக ஆக்குவது ஃபர்ம்வேர், அதாவது கேமராவை அணைத்தாலும் அழியாமல் அதன் நினைவகத்தில் பதிந்து, மின்சாரம் வந்ததும் விழித்துக்கொள்ளும் மென்பொருள். புதுமையும் நம்பகமும் ஒரே பெட்டிக்குள் வந்துவிட்டன. ஒன்றைத் தொட்டால் மற்றதும் ஆடும். இந்தக் குழப்பத்தின் வேர் இதுதான்.

எவ்வளவு ஆடும் என்பதை ஒரு பிரேமின் வாழ்நாளை வைத்துப் பார்க்கலாம். நொடிக்கு 24 பிரேம் என்றால் ஒரு பிரேமுக்குக் கிடைப்பது சுமார் 41.7 மில்லி நொடி. 4096 × 2160 புள்ளிகள் கொண்ட படத்தில் ஏறத்தாழ 88 லட்சம் புள்ளிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் 12 பிட் என்றால் ஒரு பிரேம் சுமார் 13 மெகாபைட், ஒரு நொடிக்கு சுமார் 318 மெகாபைட். இவ்வளவையும் சென்சாரிலிருந்து வாசிக்க வேண்டும், பழுதான புள்ளிகளைச் சரிசெய்ய வேண்டும், சுருக்க வேண்டும், கார்டில் எழுத வேண்டும். அதே நேரம் வியூஃபைண்டருக்கு ஒரு பிரதி, மானிட்டருக்கு வேறு நிறத்தில் ஒரு பிரதி, டைம்கோடு என்ற நேர முத்திரை, ஒலி, லென்ஸ் தகவல். ஒவ்வொரு கட்டமும் அந்த 41.7 மில்லி நொடிக்குள் முடிய வேண்டும், ஏனென்றால் அடுத்த பிரேம் வாசலில் நிற்கிறது. போனில் ஒரு செயலி அரை நொடி திணறினால் யாரும் கவனிக்க மாட்டார்கள். கேமரா அரை நொடி திணறினால் 12 பிரேம் காணாமல் போகும்.

இந்த வேகத்துக்குச் சாதாரண பிராசசர் போதாது. அதனால் பல சினிமா கேமராக்களில் எஃப்.பி.ஜி.ஏ. என்ற சிப் இருக்கும். தொழிற்சாலையிலிருந்து வந்த பிறகும் உள்ளிருக்கும் சுற்றமைப்பை மாற்றி எழுதக்கூடிய சிப் அது. ஆகவே ஒரு பெரிய அப்டேட் மெனுவில் இரண்டு வரி சேர்ப்பதோடு நிற்பதில்லை. கேமராவின் மின்சுற்றையே வேறு மாதிரி இணைக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் அதே பாடி, அதே பட்டன்கள். உள்ளே வேறு கேமரா.

## அப்டேட் என்ற ஒரே பெயரில் ஐந்து விஷயங்கள்

அப்டேட் நல்லதா கெட்டதா என்ற விவாதம் முடிவில்லாமல் நீள்வதற்கு, வெவ்வேறு விஷயங்கள் ஒரே பெயரில் வருவதும் ஒரு காரணம்.

1. பிழைத்திருத்தம். ஏற்கெனவே தெரிந்த ஒரு கோளாறைச் சரிசெய்வது.

2. புதுத் துணைக்கருவிகளுக்கான ஆதரவு. புது மெமரி கார்டு, புது லென்ஸ், புது வயர்லெஸ் கருவி போன்றவை. உங்களிடம் அந்தக் கருவி இல்லையென்றால் இதில் உங்களுக்கு ஒன்றுமில்லை.

3. புது வசதி. சோனி வெனிஸ் கேமராவின் அடிப்படை ஐஎஸ்ஓ, அதாவது வெளிச்சத்தை வாங்கும் திறனின் எண், 500. 2500 என்ற இரண்டாவது அடிப்படை ஐஎஸ்ஓ 2018-இல் இரண்டாம் பதிப்பு மென்பொருளோடுதான் திறந்தது. 2021-இல் வந்த சோனி எஃப்எக்ஸ் 3 கேமராவுக்கு சினி இஐ முறை (சென்சாரை அடிப்படை ஐஎஸ்ஓவிலேயே வைத்து வெளிச்சத்தை அளக்கும் முறை) 2022-இல் இரண்டாம் பதிப்பில் கிடைத்தது. சென்சார் அதேதான். ஆனால் ஒளிப்பதிவாளர் வெளிச்சத்தை அளந்து வேலை செய்யும் முறையே மாறிவிட்டது.

4. பட உருவாக்கத்தில் மாற்றம். இரைச்சல் நீக்கம், நிறக் கணக்கு, கருமையின் அளவு போன்றவற்றை மாற்றுவது. ஃபிலிம் காலத்து மொழியில் சொன்னால் படத்தின் நடுவில் சுருளின் ரகத்தை மாற்றுவதற்குச் சமம். வெளியீட்டுக் குறிப்பில் இது பெரும்பாலும் ஒரு வரியாகத்தான் இருக்கும். என் கணிப்பில் ஐந்திலும் அதிகக் கவனம் கேட்பது இதுதான். மற்ற நான்கும் ஏதாவது ஒரு விதத்தில் கண்ணுக்குத் தெரியும். இது எடிட்டிங்கில் காட்சிகளை அடுத்தடுத்து வைக்கும்போதுதான் பல்லிளிக்கும்.

5. உரிமமும் கொள்கையும். வசதி பெட்டிக்குள் ஏற்கெனவே இருக்கும், பணம் கட்டினால் திறக்கும். பானசோனிக் ஜிஎச் 4 கேமராவுக்கு 2015-இல் வி-லாக் எல் என்ற, நிறத்தைப் பிறகு திருத்த வசதியாக மங்கலாகப் பதியும் முறை இப்படித்தான் தனிக் கட்டணத்தில் வந்தது. குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் உரிமம் தரும் கேமராக்களும் உண்டு. வாடகைக்கு எடுப்பவர் பேட்டரியைப் பார்க்கிற மாதிரி உரிமம் முடியும் தேதியையும் பார்க்க வேண்டிய காலம் இது.

கொள்கை என்று சொல்லக் காரணம் உண்டு. 2020 ஜூலையில் வந்த கேனான் ஆர் 5 கேமரா 8கே பதிவில் சூடாகி நின்றுபோவது பெரிய பேச்சானது. அடுத்த மாதமே வந்த ஃபர்ம்வேர் சில பதிவு முறைகளில் நேரத்தைக் கூட்டித் தந்தது. ஒரு மாதத்தில் பாடியின் உலோகம் மாறவில்லை. எவ்வளவு சூட்டில் நிறுத்த வேண்டும், அதை எப்படிக் கணிப்பது என்ற முடிவு மென்பொருளில் இருந்தது, அது மாறியது. நம்பகத்தின் ஒரு பகுதி இப்படி யாரோ ஒருவர் எழுதி வைத்த எண்ணாகவே இருக்கிறது.

அப்டேட் எப்போதும் கொடுக்க மட்டும் செய்யும் என்றும் இல்லை. பிளாக்மேஜிக் பாக்கெட் சினிமா கேமரா 4கே 2018-இல் வந்தபோது சினிமா டிஎன்ஜி என்ற ரா வடிவத்தில், அதாவது சென்சாரின் தகவலை முழுப் படமாக்காமல் வைக்கும் வடிவத்தில், பதிவு செய்தது. 2019-இல் வந்த 6.2 அப்டேட் பிளாக்மேஜிக் ரா என்ற புது வடிவத்தைச் சேர்த்தது, சினிமா டிஎன்ஜியை எடுத்துவிட்டது. பலருக்கு இது லாபமே, புது வடிவம் கார்டில் இடத்தை மிச்சப்படுத்தியது. ஆனால் பழைய வடிவத்தை நம்பித் தன் வேலைமுறையை அமைத்திருந்தவருக்கு, அவர் காசு கொடுத்து வாங்கிய ஒன்று காணாமல் போனது.

ஒரு வசதி நீதிமன்றத்துக்குப் போவதும் நடந்திருக்கிறது. நிக்கான் இசட் 9 கேமராவுக்கு 2022-இல் வந்த 2.0 ஃபர்ம்வேர், கேமராவுக்குள்ளேயே சுருக்கிய ரா வீடியோவைப் பதியும் வசதியைத் தந்தது. காப்புரிமை தன்னுடையது என்று இன்னொரு கேமரா நிறுவனமான ரெட் வழக்குப் போட்டது. 2023-இல் வழக்கு முடித்துக்கொள்ளப்பட்டது. 2024-இல் நிக்கான் ரெட் நிறுவனத்தையே வாங்கிவிட்டது. அது வேறு கதை.

## நம்பகம் என்றால் படத்தின் தரம் அல்ல

நம்பகமான கேமரா என்று படப்பிடிப்பில் சொல்லும்போது, அழகான படம் தரும் கேமரா என்று யாரும் அர்த்தம் கொள்வதில்லை. நேற்று செய்ததை இன்றும் அப்படியே செய்யும் கேமரா என்று அர்த்தம். அந்தக் கணக்கில் கோளாறுகளை மூன்று தரமாகப் பிரிக்கலாம்.

1. கேமரா ஆன் ஆகவில்லை. எரிச்சலான விஷயம்தான், ஆனால் எல்லோருக்கும் தெரிகிறது. வேறு பாடி வரும் வரை காத்திருக்கலாம்.

2. டேக் நடுவில் நின்றுபோகிறது. நடிகர் அழுது முடித்த பிறகு இன்னொரு முறை அழச் சொல்ல வேண்டும். இழப்பு பெரிது, ஆனாலும் அப்போதே தெரிந்துவிடுகிறது.

3. எல்லாம் சரியாக ஓடுவது போலக் காட்டிவிட்டு, கோப்பில் தவறு வைக்கிறது. ஒலி இரண்டு பிரேம் தள்ளி இருக்கும், டைம்கோடு நகர்ந்திருக்கும், இருட்டுப் பகுதியில் மெல்லிய கோடு ஓடும். செட் கலைந்து, ஆட்கள் போன பிறகுதான் தெரியவரும்.

முதல் இரண்டைத் தயாரிப்பாளரின் சோதனைக்கூடம் பெரும்பாலும் பிடித்துவிடும். மூன்றாவது வகை குறிப்பிட்ட பிரேம் வேகம், குறிப்பிட்ட கார்டு, குறிப்பிட்ட பதிவு முறை மூன்றும் ஒன்றாகச் சேரும்போது மட்டும் எட்டிப்பார்க்கும். ஒரு நவீன கேமராவில் இந்தச் சேர்க்கைகள் ஆயிரக்கணக்கில் வரும், எல்லாவற்றையும் ஓட்டிப் பார்த்துவிட்டு வெளியிடுவது நடைமுறையில் முடியாது. மிச்சத்தைச் சோதிப்பவர்கள் முதல் வாரத்தில் அப்டேட் போடுபவர்கள். சம்பளம் கிடையாது.

பழைய பதிப்பில் கோளாறே இல்லை என்று இதற்கு அர்த்தமில்லை. இருக்கிறது, ஆனால் கேமரா உதவியாளருக்கு அது தெரியும். ‘பிளேபேக்கிலிருந்து நேராக ரெக்கார்டுக்குப் போகாதே, ஒரு நொடி விடு’ என்று அவர் கை பழகியிருக்கும். அந்தப் பழக்கத்தின் மதிப்பு வெளியீட்டுக் குறிப்பு எதிலும் எழுதியிருக்காது.

## கேமரா தனியாக இல்லை

ஒரு கேமரா என்று நாம் சொல்வது உண்மையில் ஒரு சங்கிலி. லென்ஸ் மவுண்டுக்கும், ஃபோகஸ் மோட்டாருக்கும், ஃபோகஸைக் கவனிக்கும் உதவியாளரான ஃபோகஸ் புல்லர் கையில் இருக்கும் கருவிக்கும், வியூஃபைண்டருக்கும், வயர்லெஸ் வீடியோவுக்கும் தனித்தனி மென்பொருள் உண்டு. கேமராவை மட்டும் புதுப்பித்தால் அதன் மொழி கொஞ்சம் மாறுகிறது, மற்றவை பழைய மொழியில் பேசிக்கொண்டிருக்கின்றன. பெரும்பாலும் ஒத்துப்போகும். ஒத்துப்போகாத நாளில், ஃபோகஸ் கருவியில் லென்ஸின் தூரக் குறியீடு வராமல், ஃபோகஸ் புல்லர் டேப்பை எடுத்துக்கொண்டு ஓடுவார்.

சங்கிலியின் மறுமுனை இன்னும் பிடிவாதமானது. ரா கோப்பு நேரடியான படம் இல்லை, அதைப் பிரித்துப் படமாக்க எடிட்டிங், கலர் கிரேடிங் மென்பொருள்களுக்குள் கேமரா நிறுவனம் தரும் நிரல்தொகுப்பு இருக்க வேண்டும். புது ஃபர்ம்வேர் புது வகைக் கோப்பை எழுதினால், பழைய தொகுப்பு அதைத் திறக்காமல் போகலாம். அதைவிட மோசம், திறந்துவிட்டு நிறத்தைத் தவறாகக் காட்டலாம். ஒரு படத்தின் வேலை நடக்கும்போது, படப்பிடிப்புக்குப் பிந்தைய வேலைகளைச் செய்யும் போஸ்ட் கூடங்கள் தங்கள் மென்பொருள் பதிப்பைப் பெரும்பாலும் மாற்றுவதில்லை, அவர்களுக்கும் அதே பயம். ஆகவே கேமராவின் பதிப்பு போஸ்ட் கூடத்தின் பதிப்பை முந்தக் கூடாது. இந்த ஒரு விதி பல தலைவலிகளைத் தவிர்க்கும்.

இரண்டு கேமரா வைத்து எடுக்கும்போது இன்னொரு சிக்கல். ஏ கேமரா போன மாதப் பதிப்பில் இருக்கிறது. பி கேமரா வேறொரு படத்துக்குப் போய், அங்கே புதுப் பதிப்பு ஏறி, நேற்றிரவு திரும்பி வந்திருக்கிறது. இரண்டிலும் ஒரே ஐஎஸ்ஓ, ஒரே வெள்ளைச் சமன், ஒரே லென்ஸ் வரிசை. ஆனால் இருட்டு மூலையில் ஒன்றில் இரைச்சல் நயமாக இருக்கிறது, மற்றொன்றில் மொழுமொழுவென்று இருக்கிறது. ஒளிப்பதிவாளர் லைட்டைச் சந்தேகிப்பார், உதவியாளர் ஃபில்டரைச் சந்தேகிப்பார். பதிப்பு எண்ணைப் பார்க்கும் யோசனை யாருக்காவது வருவதற்குள் மதியம் ஆகிவிடும்.

## அப்டேட் நடக்கும் அந்தச் சில நிமிடங்கள்

அப்டேட் போடும்போது பேட்டரி முழுதாக இருக்க வேண்டும், அல்லது நேரடி மின்சாரத்தில் இருக்க வேண்டும் என்ற எச்சரிக்கை ஒப்புக்குப் போடப்படுவதில்லை. கேமராவின் ஃபிளாஷ் நினைவகத்தில் பழைய நிரலை அழித்துப் புதியதை எழுதும் நேரம் அது. பாதியில் மின்சாரம் போனால், ஆன் செய்தாலும் என்ன செய்வது என்று தெரியாத நிலையில் கேமரா கிடக்கும். செங்கல் ஆகிவிட்டது என்பார்கள். சில கருவிகளில் பழைய நிரலை ஓர் அறையில் வைத்துக்கொண்டு, புதியதை அடுத்த அறையில் எழுதி, சரிபார்த்த பிறகே தாவும் ஏற்பாடு உண்டு. எல்லாக் கேமராக்களிலும் அது இருக்கும் என்று நம்பி இறங்க வேண்டாம்.

முடிந்த பிறகு அமைப்புகள் ஆரம்ப நிலைக்குத் திரும்பியிருக்கலாம். பிரேம் வேகம், ஷட்டர் கோணம், பட்டன்களுக்குக் கொடுத்த வேலைகள், மானிட்டருக்குப் போட்ட லட் என்ற நிறமாற்ற அட்டவணை எல்லாம் போயிருக்கும். சேமித்து வைத்த அமைப்புக் கோப்பைப் புதுப் பதிப்பு ஏற்க மறுப்பதும் உண்டு. ரெட் கேமராக்களில் லென்ஸை மூடி, சென்சாரின் கருமையை மீண்டும் அளந்து வைக்கும் பிளாக் ஷேடிங் என்ற வேலையையும் அப்டேட்டுக்குப் பிறகு செய்துவிடுவது நல்லது.

பழைய பதிப்புக்குத் திரும்ப முடியுமா? சில கேமராக்களில் முடியும், சிலவற்றில் முடியாது. இதை அப்டேட் போடுவதற்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டும். பிறகு தெரிந்து பயனில்லை.

## பிறகு தருகிறோம் என்ற வாக்குறுதி

2007-இல் ரெட் ஒன் வந்தபோது, பல வசதிகள் அடுத்தடுத்த மென்பொருளில் வரும் என்று சொல்லியே விற்கப்பட்டது. அதை வாங்கியவர்கள் கேமராவோடு சேர்த்து ஒரு வாக்குறுதியையும் வாங்கினார்கள். பானசோனிக் ஜிஎச் 5 கேமராவும் 2017-இல் அப்படி வந்து, அதே ஆண்டில் 2.0 பதிப்பில் நொடிக்கு 400 மெகாபிட் பதிவைத் தந்தது. சொன்னபடி தந்த உதாரணம் அது. ஆனால் சொன்ன தேதி தள்ளிப்போனால் வாங்கியவரால் செய்ய முடிந்தது எதுவும் இல்லை. இன்று பெட்டியைத் திறந்தால் என்ன செய்கிறதோ, அதற்கு மட்டும் விலை கொடுங்கள்.

மறுபக்கமும் பார்க்க வேண்டும். ஆரி நிறுவனம் 2010-இல் அலெக்ஸாவோடு கொண்டுவந்த அலெவ் 3 சென்சாரின் அடிப்படையிலேயே, 2022-இல் அலெக்ஸா 35 வரும் வரை தன் கேமராக்களைச் செய்தது. பன்னிரண்டு வருடம். இடையில் புதுப் பாடிகளும் பெரிய சென்சார்களும் வந்தன, மென்பொருள் தொகுப்புகள் வரிசையாக வந்தன. அடித்தளத்தை அசைக்காமல், மேலே கவனமாகச் சேர்த்துக்கொண்டே போனார்கள். அப்டேட்டே இல்லாத கேமரா அந்தப் பன்னிரண்டு வருடம் தாக்குப்பிடித்திருக்காது.

## எப்போது போடுவது, எப்போது விடுவது

1. கேமரா டெஸ்ட் நாளே பதிப்பைப் பூட்டும் நாள். அன்று எந்தப் பதிப்பில் டெஸ்ட் எடுத்து, படத்தின் நிறத்தைத் திருத்தும் கலரிஸ்ட் பார்த்து, சரி என்றாரோ, அதே பதிப்பு கடைசி நாள் வரை. எல்லாப் பாடியும் அதே பதிப்பில், மாற்றாக வரும் பாடியும் கூட.

2. வெளியீட்டுக் குறிப்பில் புது வசதிகளை விட்டுவிட்டு, தெரிந்த குறைபாடுகள் என்ற பகுதியை முதலில் படியுங்கள். ‘செயல்பாட்டு நிலைத்தன்மை மேம்படுத்தப்பட்டது’ என்ற ஒற்றை வரி மட்டும் இருந்தால் எச்சரிக்கையாக இருங்கள். எது ஆடியது, எதனால் ஆடியது என்று அந்த வரி சொல்வதில்லை. நேர்மையாகப் பத்துப் பிழைகளைப் பட்டியல் போடும் நிறுவனத்தை, இந்த ஒரு வரி எழுதும் நிறுவனத்தைவிட நான் அதிகம் நம்புவேன்.

3. சோதனை என்றால் ஆன் செய்து மெனு பார்ப்பது அல்ல. படத்தில் பயன்படுத்தப்போகும் அதே கார்டு, அதே பிரேம் வேகம், கார்டு நிரம்பும் வரை ஒரு நீண்ட டேக், பேட்டரி மாற்றி மறுபடி ஒன்று. அப்புறம் அந்த ஃபுட்டேஜ் காப்பி எடுத்து, எடிட்டிங் வழியாக, கிரேடிங் திரை வரை போக வேண்டும்.

4. பழைய ஃபர்ம்வேர் கோப்பையும் அமைப்புக் கோப்பையும் தனிக் கார்டில் வைத்திருங்கள். நிறுவனம் தன் தளத்திலிருந்து பழையதை நீக்கிவிடலாம்.

5. சோதனைக்காக விடும் பீட்டா பதிப்பைக் கூலிக்குப் போகும் வேலையில் போடவே கூடாது. இதற்கு விதிவிலக்கு எனக்குத் தெரிந்து இல்லை.

முதல் விதிக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு உண்டு. நீங்கள் எடுத்துக்கொண்டிருக்கும் அதே பதிவு முறையில், அதே கார்டில், ஃபுட்டேஜ் கெட்டுப்போகும் பிழை இருப்பதாக நிறுவனமே பெயர் சொல்லி அறிவித்தால், பூட்டியது பூட்டியதுதான் என்று உட்கார்ந்திருப்பது முட்டாள்தனம். அப்போதும் முதலில் செய்ய வேண்டியது அந்தப் பிழையைத் தவிர்த்து வேலை செய்ய வழி இருக்கிறதா என்று பார்ப்பது. வழி இல்லையென்றால் விடுமுறை நாளில், ஒரே ஒரு பாடியில், மூன்றாவது எண்ணில் சொன்ன முழுச் சோதனையோடு போடலாம். அது தேறிய பிறகு மற்ற பாடிகள். ஃபர்ம்வேர் மாறிய தேதி எடிட்டருக்கும் கலரிஸ்ட்டுக்கும் அன்றே எழுத்தில் போக வேண்டும்.

கேமரா ரிப்போர்ட்டில் லென்ஸ், ஃபில்டர், ஐஎஸ்ஓ எழுதும் இடத்துக்குப் பக்கத்தில் பதிப்பு எண்ணுக்கும் ஒரு கட்டம் போட்டுக்கொள்ளலாம். ரெட், ஆரி போன்றவற்றின் ரா கோப்புகளில் கோப்போடு சேர்ந்த தகவலான மெட்டாடேட்டாவாக அது தானாகவே பதிந்துவிடுகிறது, ஆனால் தேட வேண்டும் என்று தோன்றினால்தான் தேடுவார்கள். எட்டு மாதம் கழித்து கிரேடிங் அறையில் ஒரு ஷாட்டின் இருட்டு மட்டும் வேறு மாதிரி நிற்கும்போது, கலரிஸ்ட் முதலில் புரட்டுவது அந்தத் தாளைத்தான்.